‘மணி எடுக்காத’: வணிகத் தொடர்புப் பட்டியல் தேர்வு குறித்த ஒரு மூலபாட ஆராய்ச்சி

விற்க ஒரு பொருளும் அழைக்க ஒரு பட்டியலும் உடையவரே வணிகர் எனப்படுவர். பொருளைப் பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. பட்டியலைப் பற்றியோ தமிழில் இதுவரை உருப்படியான ஆய்வு வெளிவரவில்லை. ஆய்வுக் கட்டுரையை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு. யாம் நூலகம் போய்த் தேடவில்லை.

முதலில் வரலாறு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878 பிப்ரவரியில் முதல் தொலைபேசிக் கையேடு வெளியானது. கையேடு என்றாலும் அது ஓர் அட்டைதான். அதில் ஏறத்தாழ 50 பெயர்கள் இருந்தன, எண் ஒன்றுகூட இல்லை. இணைப்பகத்தில் பெயரைச் சொன்னால் கம்பியைச் செருகிவிடுவார்கள். நூறாண்டு கழித்து, 1978 மே மாதம், டிஜிட்டல் எக்யுப்மெண்ட் நிறுவனத்தின் விற்பனைக்காரர் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முகவரிக் கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ‘புதுக் கணினி பார்க்க வாருங்கள்’ என்று ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பச் செய்தார். பெறுநர் கட்டம் நிரம்பி, மிச்ச முகவரிகள் வழிந்து மடலின் உடலுக்குள் புகுந்துவிட்டன. இடைச்செருகல் என்னும் நோய் ஓலைச்சுவடிக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும். தூர்க்குக்கு வசை ஏராளமாக விழுந்தது. வியாபாரமும் ஆனது என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார்.

பட்டியல் நான்கு வகைப்படும். ஐந்து என்பாரும் உளர்; அவர் ஐந்தாவதை விற்பவர்.

விசிட்டிங் கார்டு டப்பா முதல் வகை. ரப்பர் பேண்டு இற்றுப்போனதும் ஆய்வும் முடியும்.

இரண்டாவது, பில் கவுண்டரில் பிடுங்கியது. நாலணா சேஃப்டி பின் வாங்கினாலும் “நம்பர் சொல்லுங்க சார்” என்று கேட்டுத் தொகுக்கப்படுவது. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023 மே மாதம் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. இவ்வகைப் பட்டியலில் கடைசி இலக்கம் மாற்றிச் சொல்லப்பட்ட எண்கள் மிகுதி என்பதால், எவனோ ஒருவன் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வாங்கிய வேட்டிக்குப் பிறந்தநாள் தள்ளுபடி பெறுகிறான்.

மூன்றாவது, விலைக்கு வாங்கியது. ‘டாக்டர், வக்கீல், கார் ஓனர், மாவட்டவாரியாக, எக்செல்லில்’ என்று இது விற்பனைக்கு வரும். இங்கே கவனிக்க வேண்டியது பிரதிகளின் வழிமரபு. ஒருவர் தொகுத்ததை இன்னொருவர் நகலெடுக்க, அதை மூன்றாமவர் வரிசை மாற்ற, நாலாமவர் ‘2025 புதிய டேட்டா’ என்று தலைப்பிட்டு விற்கிறார். நடுவில் யாரும் ஒரு எண்ணையும் அழைத்துப் பார்த்ததில்லை. துணைநூற்பட்டியல்கள் வளரும் முறையும் இதுவே என்று ஆய்வுலகத்தில் சிலர் முணுமுணுப்பதை யாம் வன்மையாக மறுக்கிறோம். மின்னஞ்சல் உலகில் மட்டும் ஒரு குரூரமான ஏற்பாடு உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத சில முகவரிகளைப் பொறியாகப் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றுக்கு மடல் வந்தால், அனுப்பியவன் பட்டியலைத் தானாகச் சேர்க்கவில்லை, எங்கிருந்தோ அள்ளியிருக்கிறான் என்று அகப்பட்டுக்கொள்வான். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இத்தகைய பொறி வைக்கும் வழக்கம் இன்னும் வராதது பல துறைத்தலைவர்களின் முன்னோர் செய்த புண்ணியம்.

நான்காவது வகைக்கு வருவோம். கைப்பட எழுதிய பட்டியல். எம் வாழ்நாள் ஆய்வு இதில்தான் அடங்கியிருக்கிறது.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முகவர்கள் ஊர் ஊராகக் கடை ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட முகவர் ஒருவரின் கைப்பேசியில் யாம் கண்டெடுத்த பதிவுகளாவன: மணி. மணி அண்ணன். மணி பாத்திரக்கடை. மணி பாத்திரக்கடை புது. மணி மச்சான் கடை. மணி எடுக்காத. மணி 19 பாக்கி.

இவை எழுவரைக் குறிக்கும் என்பது ஒரு கட்சி (கல்லாப்பெட்டிச் சுவடி, இழுப்பறை 2). எழுவரும் ஒருவரே, எழுதிய காலம்தான் வேறு என்பது மறுகட்சி (மேற்படி, எண்ணெய் பட்ட பக்கம்). ‘புது’ என்றது கடையையா, எண்ணையா, மணியையா என்பதில் கணக்குப்பிள்ளை உரை மௌனம் சாதிக்கிறது. கைவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது தொலைபேசித் துறையின் விதி. ஆகையால் பழைய மணியின் எண்ணில் இப்போது ஒரு புது மணி இருக்கவும், அவரும் பாத்திரக்கடை வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இதை மறுப்போர் மறுக்கட்டும்.

‘மணி எடுக்காத’ என்பதில்தான் இத்துறை இரண்டாகப் பிளந்தது. போன் எடுக்காத மணி என்று பொருள் கொள்வர் மூத்தோர். ஈற்றெழுத்தின் இரட்டைக் கொம்பு விழுந்துவிட்டது, ‘எடுக்காதே’ என்பதே மூலபாடம், முகவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட எச்சரிக்கை அது என்பர் இளையோர் (கணக்குப்பிள்ளை உரை, ஓரக்குறிப்பு, பென்சிலில் எழுதிப் பின் அழித்தது, அழித்த தடத்தை வெயிலில் காட்டிப் படித்தோம்). ‘19 பாக்கி’ வந்து சேர்ந்ததும் சிக்கல் முற்றியது. மணி முகவருக்குத் தர வேண்டிய பாக்கியா, முகவர் மணிக்குத் தர வேண்டியதா? 19 என்றது ஆண்டா, ஆயிரமா, காலண்டரின் எண்ணிக்கையா? முகவர் தர வேண்டியது என்றே கணக்குப்பிள்ளையின் மருமகன் அடித்துச் சொல்கிறார் (எதிருரை, பழைய தினசரி காலண்டர்த் தாளின் பின்புறம், சந்திராஷ்டமக் கட்டத்துக்கு நேர் முதுகில், பால் கணக்கு மறைத்த பகுதி நீங்கலாக, இதன் மறுபிரதி வடை மடித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது). ‘எடுக்காதே’ என்ற பாடம் இக்கொள்கைக்கு அழகாகப் பொருந்தும். கடன்காரன் போனை யார் எடுப்பார்?

முகவரையே கேட்டிருக்கலாமே என்று ஒரு மாணவர் எழுந்து வினவினார். மூல ஆசிரியர் உயிரோடிருப்பதும் பதில் சொல்லத் தயாராக இருப்பதும் ஆராய்ச்சிக்கு உகந்தவையல்ல என்று அவரை உட்கார வைத்தோம்.

இன்னொரு பட்டியலும் உண்டு, அழைக்கக் கூடாதவர் பட்டியல். 1909 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பி, வணிக அழைப்பே வேண்டாம் என்று பதிந்துகொண்டவர்கள் அதில் இருக்கிறார்கள். மற்ற பட்டியல்களில் ஆட்கள் இழுத்துச் சேர்க்கப்பட்டிருக்க, இதில் மட்டும் மெனக்கெட்டுத் தாமே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இவ்வளவு உறுதியான விருப்பம் தெரிவித்த மக்கள்தொகுதியை விற்பனையாளர்கள் மதிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

மாணவர் எம் பேச்சை மீறி முகவரைப் பார்த்து வந்தார். முகவர் பட்டியலைத் திறப்பதே இல்லையாம். கடை வாசலில் நின்றபடி, உள்ளே போன ஆண்டு தாம் கொடுத்த காலண்டரைப் பார்ப்பாராம். தாள் அன்றன்றைக்குக் கிழித்து வந்திருந்தால் உள்ளே போய் ஆல்பத்தை விரிப்பார். சித்திரையிலேயே நின்றிருந்தால் அடுத்த கடை. இம்முறையில் அடிக்குறிப்பு இல்லை, கோட்பாடு இல்லை, எக்செல்லும் இல்லை. ஆகவே ஏற்பதற்கில்லை.

இக்கட்டுரை, பதிவுக் கட்டணம் செலுத்தப்பட்ட ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. பன்னாடு என்றது, சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஜூமில் வந்து, ஒலி கேட்கவில்லை என்று சொல்லிப் போனதை. ‘செல்வி டெய்லர்’, ‘செல்வி டெய்லர் அக்கா’ ஆகிய பதிவுகளை ஆராயும் இரண்டாம் பகுதி, அடுத்த கட்டணத்தைக் கட்டியதும் வெளிவரும்.