யானைக்குத் தீனி

கேள்வி: திறமூல மென்பொருளுக்கு இலவசமாக வரும் நிரல்களையெல்லாம் ஏற்றுக்கொண்டால் என்ன? (வாசகர், ஜார்ஜ் டவுன்)

பதில்: இலவசமாக வந்தாலும் யானையைக் கட்டித் தீனி போடுவது வளர்ப்பவரே என்பதால், லினக்ஸ் கருநிரல், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் அடிப்படைப் பகுதி, தரம் முதிராத இயக்கிகளை 2008 முதல் ‘ஸ்டேஜிங்’ என்னும் தனிக் கோப்பகத்தில் நிறுத்திச் சீர்செய்கிறது, தேறாதவை நீக்கப்படுகின்றன. பினாங்கின் பயான் லெப்பாஸில் 1972 முதல் ஆலை நடத்தும் இன்டெல் நிறுவனத்தின் 386 சில்லில்தான் 1991இல் லினக்ஸ் பிறந்தது என்றபோதிலும், பல செயலிகளை ஒருசேர இயக்கும் நிரலைத் திருத்தும்போதெல்லாம் அப்பழைய சில்லுக்காகக் கூடுதல் வேலை செய்ய நேர்ந்ததால், 2012 டிசம்பரில் அதற்கான ஆதரவு துணிவோடு கைவிடப்பட்டது, அது மிகச் சரியான முடிவே. அந்நிறுவனத்தின் இட்டானியம் சில்லுக்கான நிரலும், பராமரிக்க ஆளின்றி, 2023இல் வெளியேறியது.