சிக்கனச் செம்மல்களுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: யூனியன் கார்பைடு நிர்வாகத்தார், அன்றைய முகவரி டான்பரி, கனெக்டிகட். (2001-இல் உங்களை வாங்கிய டவ் கெமிக்கலுக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன். கடிதம் தங்களுக்கு அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள், தெரியும்.)

ஐயன்மீர்,

செலவைக் குறைப்பது எப்படி என்று இன்று ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் நீங்கள் 1984-லேயே செய்துகாட்டியதை மட்டும் எந்த மேடையிலும் ஒருவரும் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

உங்கள் 610-ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கிடந்தது. 39 டிகிரியில் கொதிக்கிற திரவம். தண்ணீர் பட்டால் சூடேறும். அந்தச் சூடே வினையை இன்னும் முடுக்கும். அதனால் பூஜ்ஜியம் டிகிரியையொட்டி வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் கையேடே சொன்னது, குளிர்பதன இயந்திரமும் இருந்தது. 1984 ஜூனில் அதை நிறுத்தினீர்கள். உள்ளே குளிரூட்டியாக இருந்த ஃபிரியானை எடுத்து ஆலையில் வேறு வேலைக்குக் கொடுத்தீர்கள். போபாலில் ஜூன் மாத வெயில் எப்படியிருக்கும் என்பது கனெக்டிகட்டில் தெரியாமல் போயிருக்கலாம்.

நான் சொக்கிப்போனது அடுத்த காரியத்தில். தொட்டி 11 டிகிரியைத் தாண்டினால் மணி அலற வேண்டும். குளிர்பதனம் இல்லாத தொட்டி எப்போதும் அதைத் தாண்டித்தான் நிற்கும். மணியும் ஓயாமல் அலறும். வேறொருவராக இருந்தால் தொட்டியைக் குளிர்வித்திருப்பார். நீங்கள் மணியைப் பேசாமல் இருக்கச் செய்தீர்கள்.

ஜூலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டிலும் இல்லை. தீபாவளியும் போயிற்று. பாதுகாப்புக் கருவி ஒழுங்காக ஓடினாலும் ஒன்றும் நடப்பதில்லை, அணைத்து வைத்தாலும் பல மாதம் ஒன்றும் நடப்பதில்லை. மின் கட்டணத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது. இதைக் கண்டுகொண்ட கணக்குப்பிள்ளைக்கு நீங்கள் சிலையே வைக்கலாம்.

மற்றவையும் அப்படித்தான். கசியும் வாயுவைக் காரத்தால் கழுவ வேண்டிய கோபுரம் ஒப்புக்குச் சப்பாணியாக நின்றது. எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தீர்கள். வாயு கசிந்த இரவில் நீர்த்திரை போட்டார்கள், ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் வெளியேறிய வாயுவுக்குப் பாதித் தூரம் ஏறி நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் கெட்டால் அடுத்தது காக்கும் என்றுதானே இத்தனை அடுக்குகள் வைத்தீர்கள்? எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் விடுப்புக் கொடுக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்!

40 டன்னைச் சேர்த்து வைப்பானேன் என்று கேட்கிறவர்களும் உண்டு. மூலப்பொருளான ஃபாஸ்ஜீனை முதலில் நாப்தாலோடு வினைபுரிய விட்டால், இந்த நஞ்சு இடையில் வராமலே செவின் பூச்சிக்கொல்லியைத் தயாரித்துவிடலாம். இங்கிலாந்தில் 1974-இல் ஃபிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்த பிறகு, டிரெவர் கிளெட்ஸ் என்ற பொறியாளர், இருப்பில் இல்லாத பொருள் கசியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்லவேளை, நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குள்ளும் 1982-இல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர், நகரம் எரிமலையின் விளிம்பில் இருப்பதாக எழுதினார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஃபாஸ்ஜீன் பட்டு உங்கள் தொழிலாளி ஒருவர் இறந்திருந்தார். பத்திரிகைக்காரர்களுக்கு மிகைப்படுத்துவதே வேலை என்று விட்டுவிட்டீர்கள்.

ஆள் குறைப்பையும் சொல்ல வேண்டும். மீத்தைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிஃப்டுக்கு 12 பேர் இருந்ததை 6 ஆக்கினீர்கள். மீட்டர்களை யாரும் நம்பாததால் கசிவைக் கண்டறியும் பொறுப்பு தொழிலாளர்களின் கண்களுக்குப் போயிற்று: எரிந்தால் கசிவு. வாயு கசிந்த டிசம்பர் 2 இரவு 11.30 மணிவாக்கில் அந்தக் கருவி சரியாகவே வேலை செய்தது. தேநீர் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் எரிவது தினசரி வழக்கமாகிவிட்ட இடத்தில் தேநீர்தானே அவசரம்? நள்ளிரவுக்குப் பின் ஊருக்கான சங்கு ஊதியது. மக்கள் பதறிவிடுவார்களே என்ற கரிசனத்தில் கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்தினீர்கள். மக்கள் பதறாமல் உறங்கினார்கள்.

பிறகு நீங்கள் சொன்ன விளக்கங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆலையை நடத்திய இந்திய நிறுவனத்தில் உங்கள் பங்கு 50.9 விழுக்காடு. லாபம் வரும்போது நம் வீட்டுப் பிள்ளை, வாயு கசிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதோடு, மனக்கசப்புள்ள ஒரு தொழிலாளி ரப்பர் குழாயைச் செருகித் தொட்டிக்குள் தண்ணீர் விட்டான் என்றும் சொன்னீர்கள். 1988-இல் ஆர்தர் டி. லிட்டில் நிறுவன ஆலோசகர் ஒருவர் அதையே அறிக்கையாக எழுதித் தந்தார்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த ஒருவனேதான் ஜூனில் ஃபிரியானையும் வடித்தானா? மணியின் வாயை அடைத்தவனும் அவன்தானா? எரிகோபுரக் குழாயைக் கழற்றிவிட்டு, ஷிஃப்டில் பாதிப் பேரையும் அவனே வீட்டுக்கு அனுப்பினானா? அப்படியென்றால் அவனுக்கு நிர்வாகக் குழுவிலேயே இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அவன் யாரென்று தெரியும் என்றீர்கள். அறிக்கையில் பெயரை மட்டும் வெளியிடவில்லை. வெளியிடும் நாளில், குளிர்பதனத்தை நிறுத்தச் சொன்ன உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் பெயரையும் அதே தாளில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். தாள் செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
உங்கள் சிக்கனத்தின் ரசிகன்