ஏழாம் லெவல் மந்திரவாதி

தில்லி மோதி பாக்கில் முன்பின் தெரியாதவரிடம் "நீங்க எந்த லெவல்?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த பேட்டை அது. ஏழாவது ஊதியக் குழு வந்ததிலிருந்து சம்பளம், வீடு, கல்யாணச் சந்தை மதிப்பு எல்லாமே லெவல் கணக்குதான். லெவல் 7 என்றால் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். டைப்-3 வீட்டுக்கு மனுப் போடலாம். உச்சியில் இருப்பது லெவல் 18. அது கேபினட் செயலாளருக்கு, மாதம் இரண்டரை லட்சம். அதற்கு மேல் ஏணி கிடையாது.

நம்மவருக்கு மட்டும் 20 வரை உண்டு.

திங்கள் முதல் வெள்ளி வரை நம்மவர் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டன்ட் செக்‌ஷன் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆயிரம் பிரதிகளோடு தொடங்கிய ஆட்டம். கட்டம் போட்ட பலகை வேண்டாம்; ஜெயிப்பவர், தோற்பவர் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் ஏற்று, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் பூதத்தோடு பேரம் பேசுகிறேன்" என்பார்கள். உடையுமா, படியுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நம்மவரின் அம்மா விழுப்புரத்துக்காரர். ஒரு ஞாயிறு முழுக்கக் கவனித்துவிட்டு, "கூத்துல கட்டியங்காரன் வர்ற மாதிரிதானே? அவனாவது நின்னுகிட்டுப் பேசுவான்" என்று விஷயத்தை முடித்துவிட்டார்.

கதை சொல்பவருக்கு இந்த ஆட்டத்தில் டன்ஜன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டி.எம். வட இந்தியாவில் டி.எம். என்றால் மாவட்ட ஆட்சியர். "ஆமாம், நான்தான் டி.எம்., ராத்திரி எட்டு மணிக்குள்ள கிராமத்தைக் கொளுத்தியாகணும்" என்று நம்மவர் பால்கனியில் நின்று போனில் பேசிய அன்றிலிருந்து, மாடி வீட்டு பீகார் குடும்பம் அவருக்கு இரண்டு கையாலும் வணக்கம் வைக்கிறது. திருத்துவதற்கு அவரும் அவசரப்படவில்லை.

ஆபீஸ் விதிகளின் சள்ளை பொறுக்காமல்தான் இவர் மாய உலகத்துக்கு ஓடுகிறார் என்று நினைப்பவர்கள் அவர் புத்தக அலமாரியைப் பார்த்ததில்லை. மேல் தட்டில் சுவாமீஸ் ஹேண்ட்புக். அரசு ஊழியனின் விடுப்பு முதல் ஓய்வூதியம் வரை அத்தனைக்கும் விடை வைத்திருக்கும், சென்னையில் அச்சாகி இந்தியா முழுவதும் ஆளும் நூல். கீழ்த் தட்டில் 2024இல் வந்த திருத்திய பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 384 பக்கம். இரண்டிலும் ஒரே நிறத்தில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருக்கும். இரண்டிலும் அவர் முதலில் புரட்டுவது விதிவிலக்குப் பகுதியை. கோப்பையும் டிராகனையும் அவர் ஒரே மனதோடுதான் அணுகுகிறார். ஒரு வித்தியாசம், டிராகன் கோப்பு நகரும்.

நகர்வதற்குக் கணக்கு இருக்கிறது. ஆட்டத்தில் ஏழாம் லெவலுக்கு 23,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும், எட்டாம் லெவலுக்கு 34,000. நாலு ஓநாய்க் கூட்டம், இரண்டு அரக்கர்கள், பேச்சில் மடக்கிய ஒரு பாம்பு ராணி என்று கூட்டினால் இடைவெளி நிரம்பிவிடும். அமைச்சகத்திலோ, பதவி உயர்வு கிடைக்காதவருக்கு ஆறுதலாகத் தரும் அடுத்த லெவல் சம்பளத்துக்கே பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஓநாயைக் கொன்றாலும் கணக்கில் சேராது. 20ஆம் லெவலுக்கு 3,55,000 புள்ளிகள் என்று கேட்டதும் பக்கத்து மேஜை சர்மாஜி, "டி.ஏ. சேர்த்தா, சேர்க்காமலா?" என்றார்.

2025 ஜனவரியில் எட்டாவது ஊதியக் குழு அறிவிப்பு வந்ததும் பேட்டையே ஃபிட்மென்ட் ஃபேக்டரைப் பற்றி, அதாவது பழைய அடிப்படைச் சம்பளத்தை எதால் பெருக்குவார்கள் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. கடந்த முறை 2.57, இந்த முறை எத்தனை? பூங்காவில் நடைப்பயிற்சி போகும் பெரியவர் நம்மவரை நிறுத்தி, "அடுத்தது எப்பய்யா வரும்?" என்றார். "ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. போன வருஷம் வந்தது வெறும் திருத்தம்தான், அதை ஆறாவது என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று நம்மவர் பத்து நிமிஷம் விளக்கினார். பெரியவர் கவலையோடு வீட்டுக்குப் போய்ப் பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாராம்.

'கேமிங் செய்தி' என்றாலே ஊருக்கு ஒன்று புரிகிறது, நம்மவருக்கு வேறொன்று. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தபோது, கிரிக்கெட் சட்டையிலிருந்து ட்ரீம் 11 பெயரே காணாமல் போனபோது, செக்‌ஷனில் மூன்று பேர் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் தணிந்த குரலில், "எவ்வளவு போச்சு?" என்று கேட்டார். தன் ஆட்டத்தில் பணம் கிடையாது, தங்க நாணயம் உண்டு, ஆனால் அது காகிதத்தில் பென்சிலால் எழுதிய எண் என்று நம்மவர் சொல்லச் சொல்ல, எதிராளி தலையாட்டிக்கொண்டே இருந்தார். குடிகாரர்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்ற தலையாட்டல் அது.

நம்மவர் உண்மையிலேயே துக்கம் காத்த மாதம் 2023 ஜனவரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு விசார்ட்ஸ் ஒரு திறந்த உரிமம் கொடுத்திருந்தது: எங்கள் விதிகளை அடிப்படையாக வைத்து யாரும் புத்தகம் போடலாம். அந்த உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று கசிந்தது. ஆண்டு வருமானம் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை கப்பம். பழைய உரிமமும் செல்லாது. உலகெங்கும் ரசிகர்கள் ஆத்திரத்தில் ஆட்டத்தின் இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். நம்மவர் அதைச் செய்யவில்லை. வரைவை அச்செடுத்து, பத்தி பத்தியாக எண்ணிட்டு, ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு எழுதினார். லெவல் 7க்குப் பச்சை மை உரிமை இல்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த ஒரு மீறலிலிருந்தே அவர் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம். "ஒரு தடவை கொடுத்த சலுகையை முன்தேதியிட்டுப் பிடுங்குறது. கேட்-ல நிக்காது" என்பது அவர் தீர்ப்பு. கேட் என்பது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அமெரிக்கக் கம்பெனிக்கு அதன் அதிகார வரம்பு கிடையாது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. ஜனவரி 27 அன்று நிறுவனம் பணிந்து, அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்ததும், தன் குறிப்பு எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றே அவர் நம்பினார்.

2025 ஜூனில் அடுத்த அடி. ஆட்டத்தின் இரு தூண்களான கிறிஸ் பெர்கின்ஸும் ஜெரமி கிராஃபோர்டும் விசார்ட்ஸை விட்டு விலகி, ஆட்டத்தை இணையத்தில் ஆடிக் காட்டும் கிரிட்டிகல் ரோல் குழுவின் டாரிங்டன் பிரஸ்ஸில் சேர்ந்தார்கள். போட்டி ஆட்டமான டேகர்ஹார்ட்டை முந்தைய மாதம்தான் வெளியிட்டிருந்த கம்பெனி அது. நண்பர்கள் இதைக் கட்சித் தாவல் என்றார்கள். நம்மவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டெபுடேஷன்தான். மூணு வருஷத்துல தாய்த் துறைக்குத் திரும்பிடுவாங்க."

அவரை மெய்யாகவே தோற்கடித்த அரக்கன் ஒன்று உண்டு: சுங்கம். பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70ஆகவும் ஏறியது. உள்ளங்கை அகல டிராகன் சிலை பெரியவர்களுக்கான கலைப்பொருளா, பொம்மையா? எந்த அதிகாரியிடம் கேட்டாலும் அதற்கு வால் இருக்கிறது, பொம்மைதான் என்பார். சரி, நியூ ஜெர்சி அக்காவைப் பரிசாக அனுப்பச் சொல்லலாம் என்றால், 2019 டிசம்பரில் வந்த அறிவிக்கை குறுக்கே படுத்திருக்கிறது: தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லி எதையும் இறக்குமதி செய்யக் கூடாது; உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு சேர்ந்து வரும் பரிசுக்குக்கூட விலக்கு இல்லை என்று அடைப்புக்குறிக்குள் வேறு போட்டிருக்கிறார்கள். அந்த அடைப்புக்குறியை எழுதிய முகமறியாத அதிகாரி மீது நம்மவருக்குப் பக்தியே உண்டு. ஆனாலும் விடவில்லை. இருபது முகப் பகடையில் துளை போட்டுப் பட்டு நூலில் கோத்தால் அது பகடையா, ராக்கியா? அக்காவிடம் கேட்டார். அக்கா போனை வைத்துவிட்டார்.

ஆட்டம் நடப்பது குவார்ட்டர்ஸின் முன்னறையில். சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து ஒரு வங்காளி, ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒரு மலையாளிப் பெண், நானக்புரா சர்தார் பையன், சத்ய நிகேதனில் அறை எடுத்துப் படிக்கும் ஒரு மாணவி. பிங்க் லைனில் வருபவர்கள் விஸ்வேஸ்வரய்யா பெயர் தாங்கிய மோதி பாக் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவார்கள். விதி இங்கிலீஷில், சண்டை ஹிந்தியில், "ஆன்டி, இன்னும் ரெண்டு வடை" மட்டும் தமிழில். பாதிப் பேர் எதற்காக வருகிறார்கள் என்பது நம்மவருக்குத் தெரியும். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவர் விரும்பவில்லை.

ஒரு தடவை சர்தார் பையன் இருபது விழ வேண்டும் என்று பகடையை ஊதினான், நெற்றியில் ஒற்றினான், குருத்வாரா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். விழுந்தது மூன்று. வடைத் தட்டோடு நின்றிருந்த அம்மா, "இருபது மூஞ்சி வெச்சா எப்படிடா விழும்?" என்றார். உள்ளே போய், விழுப்புரத்திலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்து வந்து, கையில் உருட்டித் தரையில் விட்டார். ஒன்றில் ஒன்று, மற்றதில் வெறுமுகம். தாயம். மறுபடி போட்டார். ஐந்து. நம்மவர் உடனே காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார்: இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுகை, அதில் இரண்டு தாயம், அதாவது 12.5 சதவீதம், இருபது முகத்தில் இருபது விழ வெறும் 5 சதவீதம். "அப்போ நம்ம ஊர்க்காரங்க கெட்டிக்காரங்க" என்றார் அம்மா. அன்றிலிருந்து மலையாளிப் பெண்ணின் மந்திரவாதி தாயக்கட்டை கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மனு பரிசீலனையில் இருக்கிறது.

2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்' புத்தகத்துக்குப் பிறகு வங்காளியின் அட்டகாசம் தாங்கவில்லை. வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களே எழுதிய 13 சாகசங்கள். அதில் ஒன்று கல்கத்தாக்காரரான மிமி மண்டல் எழுதிய, வங்காள வாசம் வீசும் கதை. நம்மவர் பதிலுக்கு ஒரு துருப்பை இறக்கினார்: அந்தப் புத்தகத்தை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் சாந்தி பவன் பள்ளியை நடத்தியவர்களில் ஒருவர். "அதனால தலைமையகம் தமிழ்நாடு" என்றார். வங்காளி ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் வேறு, பூதம் வேறு. உங்கள் ஊர்ப் பூதம் எங்கே?

மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதத்தை நம்மவர் எழுப்பினார். போலித் துறவி, பிறன்மனை விழைவோன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறம் பேசுபவன் எல்லாரையும் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும் பூதம். அதற்குக் கவச எண், உயிர்ப் புள்ளி, பாசக்கயிற்றின் நீளம் எல்லாம் அட்டவணை போட்டார். காப்பியத்தின் பட்டியலில் துரோகம் செய்யும் அமைச்சரும் உண்டு. அந்த வரியில் பேனா நின்றது. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 9ஆம் விதி அரசை விமர்சிக்கக் கூடாது என்கிறது. காப்பியத்து அமைச்சருக்கு அது பொருந்துமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, பாதுகாப்பு கருதி அமைச்சரை நீக்கினார். புறம் பேசுபவன் மட்டும் இருக்கட்டும். செக்‌ஷனில் பாதி காலியாகும்.

அவருடைய அடுத்த காம்பெயின், அதாவது தொடர் சாகசம், தில்லியில் நடக்கிறது, ஃபிரோஸ் ஷா கோட்லாவில். வியாழக்கிழமைகளில் அங்கே ஜனங்கள் ஜின்களுக்குக் கடிதம் எழுதி வைக்கிறார்கள். கற்பனையல்ல, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து மாடத்துக்கு ஒன்றாக வைப்பவர்கள் உண்டு. போட்டோ ஒட்டி வைப்பவர்களும் உண்டு. மாயப் பிராணிக்கும் நகல் இணைத்து விண்ணப்பம் போடும் ஊரில் பிறந்தது தன் பாக்கியம் என்று நம்மவர் நினைக்கிறார். ஆட்டத்தில் ஜின்னைச் சந்திக்கப் பகடை மட்டும் போதாது. மனு எழுத வேண்டும். பொருள், பார்வை, இணைப்பு மூன்றும் சரியாக இருந்தால்தான் ஜின் வாய் திறக்கும்.

சர்தார் பையனின் வீரன் அவசரக்காரன். மனுவில் 'பார்வை' எழுதாமலே வாளை உருவினான். பகடையில் ஒன்று விழுந்தது. வீரன் போய்ச் சேர்ந்தான். திங்கட்கிழமை காலையில் நான்கு பேருக்கும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. பத்தி 4: 'மேற்படி வீரர் பணியிலிருக்கும்போது காலமானார்.' பத்தி 5: 'அடுத்த அமர்வு, நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்த பின்.' பையன் கொதித்துப்போய், வாள் முறைப்படி உருவப்பட்டது, ஜின் முன்னறிவிப்புத் தரவில்லை, ஆகவே மரணம் செல்லாது என்று இரண்டு பக்க முறையீடு அனுப்பினான். கடைசி வரியில், மேல்முறையீட்டு அதிகாரி யார் என்று கேட்டிருந்தான்.

அதுவும் டி.எம்.தான் என்று பதில் போயிற்று. நகல்: அம்மாவுக்கு, வடை எண்ணிக்கை குறித்த தேவையான நடவடிக்கைக்காக.