குடிகாட்டுப் பச்சைத் தவளையின் சைவ நெறி: ஓர் ஆய்வு

நோக்கம்: கடலூரை அடுத்த குடிகாட்டுக் குளங்களில் வாழும் பச்சைத் தவளையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் அறிய விரும்புவர் என்பது ஆய்வாளரின் கருதுகோள். பிள்ளைகளிடம் கேட்கவில்லை, கேட்டால் கருதுகோள் உடையக்கூடும்.

எல்லை: கிழக்கே வங்கக்கடல், தெற்கே சிதம்பரம், வடக்கே புதுச்சேரி, மேற்கே எருமை படுத்திருக்கும் குட்டை.

இயல் ஒன்று: தோற்றம். பச்சை. முதுகின் நடுவே வெளிர்மஞ்சள் கோடு உண்டு என்பாரும் உளர். உண்டு.

இயல் இரண்டு: விரல்கள். 1834-இல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு அறிஞர், புதுச்சேரியில் கிடைத்த இத்தவளைக்கு ஆறு விரல் கணக்கிட்டு ‘ஹெக்ஸாடாக்டைலா’ என்று பெயரிட்டார். பிள்ளைகள் எண்ணினால் முன்காலுக்கு நான்கு, பின்காலுக்கு ஐந்து, ஆக மொத்தம் 18 தான் தேறும். பின்பாதத்தில் விரல்போல் துருத்தி நிற்கும் ஒரு முடிச்சையும் சேர்த்தால் ஆறு வரும். பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டதால் இனித் தவளைதான் திருந்த வேண்டும். (ஒப்புநோக்குக: கெண்டை, ‘எனக்கு விரலே இல்லை’, வெளிவராத கட்டுரை.)

இயல் மூன்று: உணவு. தவளை நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். இத்தவளையோ அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. இதன் உணவை ஆராய்ந்த இந்திரனீல் தாஸ், வளர்ந்தவை பெரும்பாலும் இலைதழைகளையே தின்கின்றன என்று 1996-இல் எழுதினார். தவளைக் குலத்தில் இது அபூர்வம்.

தில்லைக்கு இவ்வளவு அருகில் ஒரு தவளை இலை தின்பது தற்செயலா? இடத்தின் மகிமை என்பது ஒரு சாரார் கட்சி. அப்படியானால் அதே குளத்துக் கொக்கு ஏன் இன்னும் திருந்தவில்லை என்பது மறுகட்சி. (காண்க: கொக்கு, ‘மீன்களின் வருகைப் பதிவேடு’, ஒற்றைக்கால் வெளியீடு, தொகுதி 3, அலகு 1. ஆசிரியருக்கு இருப்பதே ஓர் அலகு என்பதால் அடுத்தது வெளிவராது.)

இரு கட்சியும் வயதை மறந்துவிட்டன. தலைப்பிரட்டையாக இருக்கையில் பாசி. வாலுதிர்ந்த இளமையில் பூச்சி. முதிர்ந்தபின் அல்லிக்குளத்து இலை. புரட்டாசியில் மட்டும் கவிச்சியை ஒதுக்கிவந்த தாத்தா, அறுபது கடந்ததும் அடியோடு விட்டுவிடுவதைப் போலத்தான். ஆனால் வாயருகே வந்த பூச்சியை முதிர்ந்த தவளையும் சிலசமயம் விடுவதில்லை. ஆகவே இது தூய சைவமா, ‘முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வேன்’ வகைச் சைவமா என்ற சிக்கல் எழுகிறது. (விரிவுக்கு: தண்ணீர்ப் பாம்பு, ‘தவளையை உள்வாங்குதல்: ஒரு முழுமைப் பார்வை’, முனைவர் பட்ட ஆய்வேடு, குளத்தங்கரை வளாகம், திருத்திய பதிப்பு, வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளரும் உள்வாங்கப்பட்டதால் மதிப்பெண் பட்டியல் கிடைக்கவில்லை.) இம்மேற்கோள்களை யாரும் சரிபார்க்கவில்லை. அந்த வகையில் ஆய்வுலக மரபு மீறப்படவில்லை.

இயல் நான்கு: குரல். ஐப்பசி மழையில் ஆண் தவளை தொண்டையின் இருபுறமும் பை புடைக்கக் கத்தும். ஒன்று கத்தினால் அடுத்தது அதைவிட உரக்கக் கத்தும். தான் கத்தி முடித்ததும் எதுவும் மற்றதைக் கேட்க உட்கார்ந்திருப்பதில்லை. கருத்தரங்குகளுக்குச் சென்று பழகியவர்கள் இவ்வியலைத் தாண்டிச் செல்லலாம்.

இயல் ஐந்து: தவளையும் உயர்கல்வியும். தவளைக் கால்கள் வெளிநாட்டுத் தட்டுகளுக்கு ஏற்றுமதியாவதை இந்திய அரசு 1987-இல் தடை செய்தது. விலங்கியல் ஆய்வகத்துத் தட்டு அதன்பிறகும் பல ஆண்டுகள் காலியாகவில்லை. எத்தனையோ பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த இனம் இது. நெறியாளரின் துணைவியார் போட்டுத்தந்த காபிக்கும் நன்றி சொல்லும் ஏடுகளில், தவளைக்கு மட்டும் ஒரு வரி இல்லை.

இயல் ஆறு: வாழ்விடம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும். தோலாலும் மூச்சுவிடும். குளத்தில் எது கலந்தாலும் அதன் உடம்புக்குள் போக வழி திறந்தே இருக்கிறது. குடிகாட்டில் சிப்காட் தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகள் இருக்கின்றன. பக்கத்தில் உப்பனாறு ஓடுகிறது. இவை நம் நில எல்லைக்குள் இருந்தாலும் தலைப்பின் எல்லைக்குள் இல்லை. ஆகவே மேலாய்வுக்கு விடப்படுகின்றன.