பொய்யதிகாரம்

நூலென்று ஒன்றைத் தொடங்கினால் பாயிரம் சொல்லியாக வேண்டும். இந்நூலின் எல்லை: மேற்கே அமேசான், கிழக்கே மியாகோ தீவு, வடக்கே இங்கிலாந்தின் நாணல் சதுப்பு, தெற்கே சிட்னிக் கடல். நுதலிய பொருள்: விலங்கும் பறவையும் பூச்சியும் சொல்லும் பொய். வழி: பேட்ஸ், வாலஸ் முதலியோர் வழி. கேட்போர்: வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது வைத்திருப்போர். பயன்: கேட்போரே தேடிக்கொள்க.

பொய்யாவது யாதெனின், ஓருயிர் மற்றோர் உயிரை நம்பவைக்கும் தவறான செய்தி. நம்பியதால் சொன்னதற்கு ஆதாயமும் கேட்டதற்கு நட்டமும் வரவேண்டும். சொல்லும் உயிருக்குத் தான் பொய் சொல்வது தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனமறியாமல் சொல்வது பொய்யாகுமா என்று மறுப்பாரும் உளர். அவர் ஹென்றி வால்டர் பேட்ஸைப் படிக்காதவர். அமேசான் காட்டில் 11 ஆண்டுகள் பூச்சி பிடித்துத் திரிந்த பேட்ஸ், பறவைகள் தொடாத கசப்பு வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டத்தில் வேறு குடும்பத்துப் பூச்சிகள் அதே நிறமும் அதே மந்தமான சிறகடிப்புமாகக் கலந்து பறப்பதைக் கண்டு, 1862இல் எழுதினார். அந்த வேடத்தை யாரும் யோசித்துப் போடவில்லை. கசப்புப் பூச்சியைக் கொஞ்சம் ஒத்திருந்தது ஒருநாள் கூடுதலாகப் பிழைத்து முட்டையிட்டது. ஒவ்வாதது அலகுக்குள் போயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பறவையின் அலகு திருத்தித் திருத்தி எழுதிய பொய் அது. டார்வினின் நூல் வந்து மூன்றே ஆண்டில் கிடைத்த இந்தச் சான்றை டார்வினே மனம்விட்டு மெச்சினார்.

இனி வகுப்பு. இப்பொய் தொகையால் ஒன்று. கேட்பவர் யார் என்று பார்த்தால் வகையால் நான்கு: தின்ன வருவோரிடம் சொல்வது, பிள்ளை வளர்ப்போரிடம் சொல்வது, தின்னப்படுவோரிடம் சொல்வது, தன்னினத்தாரிடமே சொல்வது. விரியால் எண்ணில. கண்ணுக்குச் சொல்வது, காதுக்குச் சொல்வது, மூக்குக்குச் சொல்வது எனப் புலன்வழி பிரிப்பதே செம்மை என்று ஒரு சாரார் வாதிடுவர். அவர் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இல்லை.

இருப்பவர் போய் இலையை உற்றுப் பார்க்கலாம். பழுப்பும் கறுப்புமாய், நடுவே வெள்ளைத் திட்டோடு, இன்னும் காயாத பளபளப்போடு ஒரு குருவி எச்சம் ஒட்டியிருக்கும். குச்சியால் மெல்லத் தொட்டால் எச்சம் நகரும். கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தித் தின்னாது. ஆனால் புழு வளர வளர இந்தப் பொய் செல்லாது. சுண்டுவிரல் பருமனில் எச்சமிடும் குருவி எந்த ஊரிலும் இல்லை. ஆகவே கடைசித் தோலுரிப்பில் வேடத்தை மாற்றி இலைப்பச்சையாகிறது. அதையும் மீறி யாரேனும் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிவந்த கவட்டுக்கொம்பை நீட்டி, மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடியை விடுகிறது. கண்ணுக்கு இரண்டு பொய், மூக்குக்கு ஒரு மெய், எல்லாம் ஒரே புழு. புலன்வழிப் பிரிப்போர் இதை எந்தப் பெட்டியில் வைப்பர்?

இதே புழு இறகு முளைத்து வந்தபின் சொல்லும் பொய்தான் இவ்வதிகாரத்தின் தலைமணி. ஆண் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை. பெண்ணோ நம் நாட்டில் மூன்று வடிவம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகியைப் போல, ஒன்று சிவப்புடல் அழகியைப் போல. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் வேறினங்கள், புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளையையும் ஈச்சுரமூலியையும் தின்று, அச்செடிகளின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்தவை. ஆடே தீண்டாததைத் தின்றவற்றை ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கொத்தாது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் தின்று வளர்ந்த நம் அழகிக்கு அந்த நஞ்சு ஏது? நிறத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டாள். நாம் பிடித்துவிட ஒரு வழி உண்டு: மெய்யான நச்சழகிகளின் உடல் சிவப்பு, வேடக்காரியின் உடல் கறுப்பு. இறகுவரை தைத்த தையற்காரர் உடலுக்கு வரும்போது துணி தீர்ந்துவிட்டது போலும். பறக்கும்போது பறவைக்கு அது தெரிவதில்லை, அல்லது தெரிந்து உறுதி செய்துகொள்ளும் துணிவு வருவதில்லை.

இம்மூன்றும் ஒரே இனத்துப் பெண்களே என்பதை மலாய்த் தீவுகளின் பூச்சிகளை வைத்து 1865இல் எடுத்துக்காட்டியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். வேடத்தை ஆட்டிவைப்பது ஒரே ஒரு மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டேயும் உடனிருந்தோரும் கண்டு 2014இல் வெளியிட்டனர். பூச்சியில் ஆண் பெண் உருவ வேறுபாட்டை நடத்தும் அதே மரபணுதான் இந்தக் கூடுதல் வேலையையும் பார்க்கிறது.

இங்கே மாணாக்கர் ஒரு வினா எழுப்புவர்: வேடம் இவ்வளவு நல்லதென்றால், மூன்றிலொரு வடிவம் ஏன் இன்னும் ஆணைப்போலவே வெறுமனே திரிகிறது? நல்ல வினா. விடையே இந்நூலின் அடிப்படை விதியும் ஆகும்: பொய்க்கு முதல் மெய். நூறு நச்சழகிகள் பறக்கும் காட்டில் பத்துப் போலிகள் சுகமாகப் பிழைக்கலாம். போலிகள் நூறாகி நச்சழகி பத்தானால், பறவை கொத்திப் பார்ப்பதெல்லாம் ருசியாகவே இருக்கும். சிவப்புப் பொட்டைக் கண்டால் ஓட வேண்டும் என்ற பாடத்தை அதற்குக் கற்பிக்க ஆளிருக்காது. பிறகு வேடம் போட்டவளுக்குத்தான் ஆபத்து, ஏனெனில் அவள் பளிச்சென்று தெரிவாள். ஆகவே எத்தனை பேர் பொய் சொல்லலாம் என்பதை அந்தந்த ஊரின் மெய்தான் நிர்ணயிக்கிறது. ஜப்பானின் தென்கோடியிலுள்ள மியாகோ தீவில் கறிவேப்பிலை அழகி முன்பே இருந்தது, ரோஜா அழகி இல்லை. போன நூற்றாண்டின் பிற்பாதியில் ரோஜா அழகி அங்கே குடியேறியது. அதன்பின் வேடக்காரிகளின் விகிதம் கூடிற்று. சிவப்புடல் அழகியைப் போலிருக்கும் பெண்ணோ சிவப்புடல் அழகி பறக்கும் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. அசல் இல்லாத ஊரில் நகலுக்கு விலையில்லை.

தின்ன வருவோரிடம் சொல்லும் பொய்யில் நடிப்பும் அடங்கும். ஏரிக்கரைச் சரளையில் முட்டையிடும் பட்டாணி உப்புக்கொத்தி, நாய் நெருங்கினால் ஒரு சிறகை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடும். நாய் பின்தொடரும். முட்டையிலிருந்து போதிய தூரம் வந்ததும் சிறகு குணமாகிவிடும். இதற்குமேல் இதற்கு உரை வேண்டாம்.

இரண்டாம் வகை, பிள்ளை வளர்ப்போரிடம் சொல்வது. குயிலின் குரலைக் கேட்டு உருகுவோர் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். கூவுவது ஆண். பங்குனி சித்திரையில் காக்கைக் கூட்டருகே வந்து தொண்டை கிழியக் கூவி, காக்கை தன்னைத் துரத்தும்படி செய்து, துரத்தலோடு துரத்தலாக அதை அப்பால் இழுத்துப்போகும். அந்த இடைவெளியில் புள்ளிபோட்ட பழுப்புநிறப் பெண் சத்தமில்லாமல் வந்து முட்டையிட்டுப் போகும். முட்டை காக்கை முட்டையைவிடச் சிறிது, ஆனால் அதே நீலப்பச்சை, அதே பழுப்புத் தெறிப்பு. காக்கைக் குஞ்சுக்குச் சில நாள் முன்னதாகவே பொரிந்து, வாய் பிளந்து, வரிசையில் முதலிடம் பிடித்துக்கொள்ளும். அமாவாசையன்று மதிலில் நாம் முன்னோருக்கென வைக்கும் சோற்றில் எவ்வளவு இந்த வாய்க்குள் போகிறது என்று கணக்கிட்டவர் இல்லை.

இவ்வகையை மேலும் இரண்டாகப் பிரிக்கலாம்: கொல்லாக் குயில், கொல்லும் குயில். நம் குயில் பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில் வளரும். அவை பசியால் வாடுவது வேறு. ஐரோப்பியக் குயிலின் குஞ்சோ கண் திறக்கும் முன்பே கூட்டிலுள்ள முட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி வெளியே உருட்டிவிடும். இதைக் கண்டு 1788இல் எழுதியவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் பெயர்பெற்ற அதே எட்வர்ட் ஜென்னர். முட்டை உருளாமல் நிற்க அக்குஞ்சின் முதுகில் ஒரு குழி இருப்பதையும், பன்னிரண்டு நாளில் அக்குழி தூர்ந்துபோவதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். பலர் நம்பவில்லை. பிறந்த மறுநாள் கொலை செய்யும் குழந்தையை நம்புவது கடினம்தான்.

இவ்வளவு கெட்டிக்காரக் காக்கை எப்படி ஏமாறுகிறது? சந்தேகப்படுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பது விடை. ஐயப்பட்டு உருட்டிய முட்டை தன் முட்டையாகவே இருந்துவிட்டால்? இங்கிலாந்தின் விக்கன் சதுப்பில் நிக் டேவிஸ் முதலியோர் நாணல் குருவிகளின் கூடுகளில் பொய் முட்டைகளை வைத்துப் பார்த்தனர். நிறம் ஒவ்வாததை அவை தூக்கியெறிந்தன, ஒத்ததை ஏற்றன. அதாவது குருவி பார்க்கப் பார்க்கக் குயில் முட்டையின் நிறம் கூர்மையாகிறது. இந்தப் பந்தயத்தில் குயிலுக்கு ஒரு சாதகம்: எந்தக் குயிலை எடுத்தாலும் அதன் முன்னோர் ஒருவர் விடாமல் யாரோ ஒருவரை ஏமாற்றி வென்றவர்கள். காக்கையின் முன்னோரில் பலர் குயிலையே சந்திக்காமல் வாழ்ந்து முடித்தவர்கள். எனவே தேர்வு ஒரு பக்கம் கடுமை, மறுபக்கம் சலுகை.

அக்காக்குயிலையும் இங்கே சேர்க்க வேண்டும். வல்லூறின் வரியும் வாலும் மட்டுமின்றி, அது பறந்துவந்து கிளையில் அமரும் விதத்தையும் வைத்திருக்கும் இப்பறவை தன் முட்டையைத் தவிட்டுக்குருவிகளின் தலையில் கட்டுகிறது. வாசலில் போலீஸ் உடையில் வந்து பிள்ளையை விட்டுப்போகும் வகை.

மூன்றாவது, தின்னப்படுவோரிடம் சொல்வது. வட அமெரிக்க மின்மினி இனங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மினுக்குக் கணக்கு உண்டு. ஆண் மினுக்க, பெண் பதில் மினுக்கும். வேற்றினத்துப் பெண்ணொன்று அந்தப் பதிலை அப்படியே மினுக்கி, ஆசையோடு வந்திறங்கும் ஆணைத் தின்றுவிடுவதை ஜேம்ஸ் லாயிட் 1965இல் எழுதினார். இதைக் காதலின் கீழ் வகுப்பதா உணவின் கீழ் வகுப்பதா என்பது வந்திறங்கியவரைப் பொறுத்தது.

இவ்வகையின் ஓரத்தில் நிற்பது ஆப்பிரிக்கக் கரிச்சான். கலஹாரிப் பாலையில் மீர்கட் என்னும் விலங்குக் கூட்டத்தின் மேலே உட்கார்ந்து, பருந்து வரும்போது கத்தி எச்சரிக்கும். எச்சரிக்கை பெரும்பாலும் மெய். மீர்கட்கள் நம்பி ஓடிப் பதுங்கும். யாரேனும் கொழுத்த தேளொன்றைத் தோண்டியெடுத்த நேரம் பார்த்து, பருந்தே இல்லாமல் கரிச்சான் கத்தும். மீர்கட் தேளைப் போட்டுவிட்டு ஓட, கரிச்சான் இறங்கி எடுத்துக்கொள்ளும். இதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த டாம் ஃப்ளவர் 2014இல் இன்னொன்றும் சொன்னார்: ஒரே கத்தலுக்கு மீர்கட் மசியாமல் போனால், கரிச்சான் குரலை மாற்றி வேறொரு பறவையின் அபாயக் குரலிலோ மீர்கட்டின் சொந்தக் குரலிலோ கத்துகிறது. நம் அடிப்படை விதி இங்கேயும் செல்லும். நாள்முழுதும் உண்மையாகக் காவல் காத்த வாய்தான் அந்த ஒரு பொய்யைச் சொல்ல முடிகிறது.

நம் பக்கத்துத் துடுப்புவால் கரிச்சானும் பலகுரல்காரர்தான். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் எபென் குடேலும் சரத் கொட்டகமவும் அதன் குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பிப் பார்த்தபோது, பிற பறவைகளின் குரலை அது போலி செய்யும் ஒலிக்குப் பறவைகள் கூடுதலாக வந்து சேர்ந்தன. வந்த கூட்டம் கிளப்பிவிடும் பூச்சிகளைக் கரிச்சான் பிடிக்கிறது. கூட்டத்துக்கோ ஒரு காவலர் கிடைக்கிறார். இரு தரப்பாருக்கும் ஆதாயமென்றால் நம் இலக்கணப்படி இது பொய்யே அல்ல. ஆனால் குரல் பொய். இவ்விடத்தில் உரையாசிரியர் இருமிவிட்டு அடுத்த வகைக்குப் போவது வழக்கம்.

நான்காவது, தன்னினத்தாரிடம் சொல்வது. சிட்னிக் கடலில் ஒரு கணவாய் இனம். பெண்ணுக்கும் போட்டியாளனுக்கும் நடுவே மாட்டிய ஆண், பெண் இருக்கும் பக்கம் ஆணுக்குரிய வரிகளைக் காட்டும். போட்டியாளன் இருக்கும் மறுபக்கம் பெண்ணின் நிறத்தைப் பூசிக்கொள்ளும். அவனுக்குத் தெரிவது இரண்டு பெண்கள். பார்வையாளர் ஒரு பெண்ணும் ஒரு போட்டியாளனுமாக இருக்கும்போதே இதைச் செய்கிறது. கூட்டம் கூடினால் எந்தப் பக்கம் எதைக் காட்டுவது?

புறனடை. மாமரத்தில் ஏறுவோர் முசுறுவை அறிவர். அந்த முசுறுவைப் போலவே செம்பழுப்பு, ஒடுங்கிய இடை, பதற்றமான நடையோடு ஒரு சிலந்தி உண்டு. எறும்புக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு. ஆகவே முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்பாக ஆட்டிக்கொண்டே நடக்கும். முசுறுவுக்குப் பயந்தோர் இதையும் விட்டுவிடுவர். இதுவரை ஒழுங்காக முதல் வகைக்குள் அடங்குகிறது. ஆணுக்கு வந்தது வினை. பிற ஆண்களோடு மல்லுக்கட்ட அதன் தாடை வெகுவாக நீண்டு, நுனி பருத்துவிட்டது. அதனோடு எறும்பாக நடிக்க முடியாது. ஆனால் இன்னோர் எறும்பை வாயில் கவ்விக்கொண்டு போகும் எறும்பாக நடிக்க முடியும். ஒரு வேடத்தில் இரண்டு பாத்திரம்.

இத்தகைய சிலந்திகளை ஆராய்ந்த ஸிமேனா நெல்சனும் ராபர்ட் ஜாக்சனும் 2006இல் கண்டது: எறும்பைக் கண்டு ஒதுங்குவோரிடம் இந்த இரட்டை வேடம் நன்றாகவே செல்லுகிறது. ஆனால் எறும்பையே தின்னும் குதிசிலந்திகளும் உண்டு. அவற்றுக்குச் சுமை தூக்கிய எறும்பென்றால் தனிப் பிரியம், ஏனெனில் வாய் நிறைந்த எறும்பால் கடிக்க முடியாது. அவை இந்த ஆணைத் தேடிவந்து தாக்கின. தின்ன வருவோரிடம் சொன்ன பொய்யே தின்ன வருவோரை அழைத்தும் வருகிறது என்றால், நால்வகையில் இவரை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அடுத்த பதிப்பு வரும்வரை இவர் புறனடையிலேயே நடமாடட்டும்.