பட்டா யார் பேர்ல இருக்கு, பேராண்டி?

அழுவுறதுன்னு முடிவு பண்ணிட்டன்னா முறையா அழுவு பேராண்டி, தாத்தன் தடுக்க மாட்டேன். ஆனா யார் மேல கோவம், எந்தத் தேதியிலேர்ந்து கோவம்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும். ஒன் மந்தைவெளி ஃப்ளாட்டுல அலமாரிக்கு மேல ஒரு கறுப்பு முகமூடி. தண்ணி கேன் போட வர்ற பையன் அத அண்ணாந்து பாத்துட்டு, ‘திருஷ்டிக்கா தாத்தா?’ன்னு கேட்டுட்டுப் போறான். நீ என்னடான்னா அதுக்குக் கீழ ஒக்காந்துகிட்டு, ‘டிஸ்னிக்காரன் வாங்குன அன்னிக்கே ஸ்டார் வார்ஸ் போச்சு தாத்தா’ன்னு மூக்க உறிஞ்சுற. ஏண்டா, அந்த முகமூடி வந்த டப்பாவத் திருப்பிப் பாத்தியா? டிஸ்னி முத்திரை கொட்டையா அடிச்சிருக்கு. திட்டுறவன்கிட்டயே போயி காசு குடுத்து வாங்கிட்டு வந்து, அதுக்குக் கீழ ஒக்காந்து திட்டுறதுக்குன்னு ஒரு மனசு வேணும்.

சரி, கணக்கு பாப்போம். 2012 அக்டோபர் 30. வெல 405 கோடி டாலர், பாதி ரொக்கம், பாதி டிஸ்னி பங்கு. வித்தது யாரு? ஜார்ஜ் லூகாஸ். கம்பெனி மொத்தமும் அவரு ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு. ஜப்தி இல்ல, ஏலம் இல்ல, எவனும் கழுத்துல கத்தி வெக்கல. பெரியவரே கையெழுத்துப் போட்டுட்டு எறங்கிப் போனாரு. அந்தப் பணத்துல பெரும்பகுதி கல்விக்குன்னு சொன்னாரு, அது வரைக்கும் புண்ணியம். மூணு வருஷம் கழிச்சு ஒரு பேட்டியில, எம் புள்ளைங்கள அடிமை யாவாரிங்ககிட்ட வித்துட்டேங்குற கணக்கா பொலம்பிட்டு, அப்பறம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னு மன்னிப்பும் கேட்டுக்கிட்டாரு. நெலத்த வித்தவன் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு கண்ணத் தொடைக்கிறத மன்னார்குடிப் பக்கம் நான் நெறையப் பாத்திருக்கேன். நோட்ட எண்ணி முடிச்ச பெறகுதான் தொடைப்பான்.

இதுல நீ யாரு? குத்தகைக்காரன். உழுவுறது நீ, தண்ணி பாய்ச்சுறது நீ, வருஷா வருஷம் அளக்குறதும் நீ. பட்டாவுல ஒம் பேரு என்னிக்குமே இல்ல. லூகாஸ் காலத்துலயும் இல்ல, இப்பவும் இல்ல. எங்க பக்கம் சாகுபடி பண்ற குத்தகைக்காரனுக்காச்சும் 1955-லயே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு. பாக்கி வெக்காதவன நெனச்ச நேரத்துக்கு வெளிய தள்ள முடியாது. ஒனக்கு அதுவும் கெடையாது. 2014 ஏப்ரல்ல டிஸ்னிக்காரன் என்ன பண்ணுனான்? முப்பது வருஷத்துக்கும் மேல வந்துகிட்டிருந்த நாவலு, காமிக்ஸு அம்புட்டுக்கும் ‘லெஜண்ட்ஸ்’னு பேரு ஒட்டி, இனிமே இதெல்லாம் நடந்த கதையே இல்லன்னு வரப்புக்கு அந்தாண்ட தள்ளி வெச்சிட்டான். நீ கைச்செலவுக் காச சேத்து வாங்குன புஸ்தகமெல்லாம் ஒரே ராத்திரியில பொய்யாப் போச்சு.

அதுக்கு ரசிகருங்க என்ன பண்ணுனீங்க? 2017-ல ‘த லாஸ்ட் ஜெடை’ வந்துச்சு. அந்தப் படத்தக் கணக்குலயே சேக்கக் கூடாதுன்னு லட்சம் பேருக்கு மேல மனுவுல கையெழுத்து. அதே படம் 130 கோடி டாலருக்கு மேல வசூல். கையெழுத்துப் போட்ட அந்தக் கை டிக்கெட்டு வாங்காம இருந்திருந்தா மனுவுக்கே வேல வந்திருக்காது. சொன்னா, ‘கெட்டுப்போச்சான்னு பாத்தாத்தானே தெரியும்’னு நீ நியாயம் பேசுவ. ரெண்டாந்தரம் எதுக்குப் போன? நல்லாக் கெட்டிருக்கான்னு பாக்கவா?

சீமைக் கதைய விடு, நம்ம ஊருக்கு வா. ஒங்கப்பன் பரண்ல ஒரு சுஜாதா கட்டு கெடக்கே, என்னிக்காச்சும் பிரிச்சியா? 1980-கள்ல ஆனந்த விகடன்ல ‘என் இனிய இயந்திரா’ தொடரா வந்தப்ப வாராவாரம் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சவன் அவன். ஜீனோன்னு ஒரு எந்திர நாய். அதுக்கு வாய் ஜாஸ்தி, புஸ்தகமும் படிக்கும். நாட்ட ஆளுறது ஜீவான்னு ஒரு தலைவன். உள்ள போயிப் பாத்தா அப்படி ஒரு ஆளே கெடையாது, வெறும் ஒளியில காட்டுற உருவம், பின்னால நின்னு ஆட்டுறவன் வேற. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல ஓட்டு மிஷின் செஞ்ச கை எழுதுன கதை அது. மேல ஒரு மூஞ்சியக் காட்டிட்டு உள்ள வேற ஆளு கணக்கு எழுதுறதுன்னா என்னன்னு ஒனக்குப் புரியணும்னா அத எடுத்துப் படி. இதுக்கு ஓடிடி வேண்டாம், ஏணி இருந்தாப் போதும்.

அந்தக் கதைய வெச்சு ‘ரோபோ’ன்னு ஒரு படம் எடுக்குறேன்னு 2000 வாக்குல ஷங்கர் கமல வெச்சு ஒத்திகை போட்டோவெல்லாம் எடுத்தாரு. அப்ப பணம் போட வந்தது பென்டாமீடியாவோட மீடியா ட்ரீம்ஸ். அது நின்னு போச்சு. அப்பறம் ஷாருக்கான்கிட்ட போச்சு, அதுவும் ஒத்து வரல. 2008-ல ரஜினி வந்தாரு, கூட ஈராஸும் ஐங்கரனும். அந்த வருஷம் பிப்ரவரியில சுஜாதா போயி சேந்துட்டாரு. வருஷம் முடியிறதுக்குள்ள பணம் போட்டவங்களும் கழண்டுக்கிட்டாங்க, படம் சன் பிக்சர்ஸ் கைக்குப் போச்சு. 2010 அக்டோபர் 1-ந் தேதி ‘எந்திரன்’ வந்தப்ப, இந்தா, அடையாறு ஆத்துக்கு இந்தக் கரையில எம்.ஆர்.சி. நகர்ல நிக்குது பாரு கண்ணாடிக் கட்டடம், அவங்க படம் அது. டிவியத் தொறந்தா சிட்டி, ரேடியோவத் திருப்புனா சிட்டி, பேப்பரப் பிரிச்சாலும் சிட்டி. மூணும் ஒரே வீட்டுதுதான்.

நாகேஸ்வர ராவ் பார்க்குல காலையில கைய வீசிகிட்டு நடக்குற ரிடையர்டு ஆளுங்க அப்ப பொலம்புனதக் கேட்டிருக்கணுமே. ‘எங்க சுஜாதா வாத்தியாரோட ஜீனோ எங்கய்யா? கதையில வர்ற அந்தப் பொண்ணு நிலா எங்க? பெருமாள் கோயில் சுண்டல வாங்கிட்டு சினிமாக்காரன் பாயசத்தக் குடுத்துட்டான்’னு ஒருத்தரு. இன்னொருத்தரு, ‘கம்பெனி கைக்குப் போனா எல்லாமே இப்படித்தான்’னாரு. ஏன் சாமி, விகடன் கம்பெனி இல்லையான்னு கேட்டேன். நடைய வேகமாக்கிட்டாரு. அது போவட்டும், எந்திரன் கதையே 1996-ல நான் எழுதுன சிறுகதைதான்னு ஒரு எழுத்தாளரு கோர்ட்டுப் படி ஏறுனாரு. 2023-ல அந்த வழக்கு தள்ளுபடி ஆச்சு. பாத்துக்க, பட்டாவுக்கே ரெண்டு பேரு நிக்குற எடத்துல குத்தகைக்காரன் ‘என் நெலம், என் நெலம்’னு மாருல அடிச்சிக்கிறான்.

படத்துக்குள்ளயும் இதே கதைதான் பேராண்டி, நீ கவனிச்சியோ என்னமோ. சிட்டியச் செஞ்சவன் வசீகரன். கோவத்துல வெட்டிக் குப்பையில போட்டவனும் அவனே. அதப் பொறுக்கி எடுத்து செவப்பு சிப்பு சொருகுனவன் போரா. நீ செவப்பு சிப்பு சொருகுனவன மட்டும் திட்டுற. குப்பையில போட்டவனப் பத்தி மூச்சு விட மாட்டேங்குற.

இப்பத்தான் சங்கதியே. ரெண்டாம் பாகம் ‘2.0’. 2018 நவம்பர் 29. இந்தத் தடவ மொதலாளி லைக்கா. லைக்கா யாரு? வெளிநாட்டுல சிம் கார்டு விக்கிறவங்க. செல்ஃபோன் பேசுனாத்தான் அங்க அடுப்பு எரியும். அவங்க நூத்துக்கணக்கான கோடியக் கொட்டி எடுத்த படத்துல கதை என்ன? செல்ஃபோன் கோபுரத்தால குருவியெல்லாம் சாவுது, செத்த பறவைக்காவ ஒரு பெரியவரு ஆவியா வந்து ஊரு ஃபோனையெல்லாம் பறக்க வெச்சு, ஃபோன் யாவாரியப் போட்டுத் தள்ளுறாரு! படம் வர்றதுக்கு மொத நாளு ரெண்டு நாளு முன்னாடி செல்ஃபோன் கம்பெனிகளோட சங்கமே, எங்க தொழிலப் பத்தி அவதூறுன்னு சென்சார் போர்டுக்குப் புகார் எழுதுச்சு. அவன் தொழிலையே அவன் காசுல அடிக்கிற படம், அத எதுத்து அதே தொழில்காரன் புகாரு. அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல ஒங்க அப்பாயி பயந்து போயி நெஞ்ச நீவி விட்டா. கம்பெனி வாங்கிட்டா கருத்து செத்துப் போவும்னு சொல்றியே, அந்தக் கம்பெனிக்குக் கருத்தப் பத்தி ஒரு கவலையும் இல்லடா. வித்தா சரி. குருவி மேல பாசம் விக்கிதுன்னா குருவி, நாளைக்குக் கோபுரம் விக்கிதுன்னா கோபுரம்.

ரசிகரு ஞாபகத்தையும் சொல்லணும். அதே லைக்கா 2014 தீபாவளிக்கு ‘கத்தி’ படத்தக் கொண்டாந்தப்ப, ராஜபக்சே ஆளுங்களோட யாவாரம் வெச்சிருக்கான்னு குற்றம் சொல்லி ஊரே கொதிச்சுது. கம்பெனி அப்படி எதுவும் இல்லன்னுது. ராயப்பேட்டையில தியேட்டரத் தாக்குனாங்க. கடைசியில தமிழ்நாட்டுல படத்துலேர்ந்து லைக்கா பேர எடுத்துட்டுத்தான் ஓட்டுனாங்க. நாலே வருஷம். ‘2.0’-ல அதே பேரு கொட்ட எழுத்துல, அதுவும் முப்பரிமாணத்துல வந்து மூக்குல இடிச்சுது. கொதிச்சவங்க கண்ணாடி மாட்டிகிட்டு விசிலடிச்சாங்க. அன்னிக்குச் சொன்னது நெசமா பொய்யாங்குற பஞ்சாயத்துக்கு நான் வரல. கோவத்துக்கு வயசு என்னன்னுதான் பாக்குறேன்.

அந்த 2018 ஆகஸ்ட்டுல இன்னொண்ணும் நடந்துச்சு, மறந்துட்டியா? நம்ம சத்யம் தியேட்டர் கம்பெனியில நூத்துக்கு 71.69 பங்க 633 கோடி குடுத்து பி.வி.ஆர்.காரன் வாங்குனான். லஸ்ஸுலேர்ந்து திருவான்மியூர் வரைக்கும் ஒரே ஒப்பாரி. எதுக்கு? பாப்கார்னுக்கு! அந்த வெண்ணெய் இருக்குமா, அந்தப் பொடி இருக்குமா, கோல்டு காஃபி இருக்குமான்னு. தியேட்டரு போறதப் பத்தி யாரும் பேசல. அதுல கொஞ்சம் ஞாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன். பாப்கார்னு கெட்டா நாக்கு சொல்லிடும், ஏமாத்த முடியாது.

ஒங்க அப்பாயிகிட்ட கத்துக்க. சாயங்காலம் விஜய் டிவி முன்னாடி ஒக்காந்தா வீடு பத்தி எரிஞ்சாலும் விளம்பரத்துலதான் எந்திரிப்பா. 2019 மார்ச் 20-ந் தேதி டிஸ்னி ஃபாக்ஸ வாங்கி முடிச்சான். ஃபாக்ஸுக்கு அடியில ஸ்டார், ஸ்டாருக்கு அடியில விஜய். ஆக, ஒன் கறுப்பு முகமூடிக்காரனுக்கும் அப்பாயி சீரியல்ல வர்ற மாமியாருக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே மொதலாளி. 2024 நவம்பர்ல ரிலையன்ஸு டிஸ்னியோட சேந்து ஜியோஸ்டார்னு ஆக்கி, அம்பானி வீட்டம்மா தலைவி ஆனாங்க. இத அப்பாயிகிட்ட நான் மெனக்கெட்டு வெளக்கிச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, ‘அதெல்லாம் இருக்கட்டும், அந்தச் சின்ன மருமவ என்னிக்கு வாயத் தொறப்பாளாம்?’னா. அவளுக்கு ஒரு கம்பெனியும் துரோகம் பண்ண முடியாது. அவ எதையும் எழுதிக் குடுக்கல.

எனக்கும் ஒரு பித்து உண்டு, இல்லன்னு சொல்லல. 1963-ல ‘கலை அரசி’. விவசாயியா நம்ம எம்.ஜி.ஆரு. வேத்து கிரகத்துலேர்ந்து ஆளுங்க வந்து பானுமதியத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. ஏன்னு கேளு. அவங்க கிரகத்துல விஞ்ஞானம் எல்லாம் இருக்காம், பாட்டு மட்டும் இல்லையாம். காசு இருக்கு, கருவி இருக்கு, பாடத் தெரிஞ்சவ இல்ல, அதனால கெளப்பிட்டுப் போறது. இதுக்கு இப்ப என்னமோ இங்கிலீஷ்ல பேரு வெச்சு பேப்பர்ல மொதப் பக்கத்துல போடுறாங்க. எங்காளு ராக்கெட்டுல போயி மீட்டுட்டு வந்தாரு. ஒங்க கூட்டம் மனுவுல கையெழுத்துப் போடுது.

இப்ப நான் சொல்றபடி செய். அடுத்த ஸ்டார் வார்ஸுக்குப் போவ மாட்டேன்னு கபாலி கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணாத, சாமியச் சிக்கல்ல மாட்டாத. போவத்தான் போற. திட்டுறதுன்னா டிக்கெட்டு வாங்குறதுக்கு முன்னாடி திட்டு, அப்பத்தான் அவனுக்கு வலிக்கும். வாங்குன பெறகு திட்டுனா அது அவனுக்கு விளம்பரம். பரண்லேர்ந்து ஒங்கப்பன் கட்ட எறக்கி ஜீனோவப் படி. அந்த நாய இன்னிக்கு வரைக்கும் எவனும் முழுசாப் படத்துல புடிச்சதில்ல, அதான் இன்னும் நல்லாருக்கு. அந்த முகமூடிய மட்டும் கழட்டாத, தண்ணி கேன் பையன் பயந்துகிட்டு மரியாதையா ரெண்டு மாடி ஏறி வர்றான்.

அப்பறம், மொத நாள் காட்சிக்கு ராத்திரி முழிச்சிருந்து நீ டிக்கெட்டு போடுவல்ல, ரெண்டாப் போடு. ஓரத்து சீட்டாப் பாரு, எனக்கு முட்டி மடங்காது. பாப்கார்னுல அந்தச் செவப்புப் பொடிய நீயே தூவாத, எங்கிட்ட குடு.