பதினோரு அடிக்குள் ஒரு கார்

கார் வாங்குவது என்று முடிவானதும் எல்லோரும் ஷோரூமுக்குப் போவார்கள். நான் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காரணம், எங்கள் வீட்டுப் போர்டிகோ. 1987-இல் மதுரையில் இந்த வீட்டைக் கட்டியபோது அப்பாவிடம் இருந்தது ஒரு லாம்ப்ரெட்டா. அது மழையில் நனையாமல் இருந்தால் போதும் என்று ஒரு போர்டிகோ போட்டார். சுவரிலிருந்து கேட்வரை சரியாக 11 அடி. பிற்காலத்தில் மகன் முன்னுக்கு வந்து கார் வாங்குவான் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இருந்ததில்லை என்பது அந்த 11 அடியிலேயே தெரிகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது என் மார்க் ஷீட் அவர் கையில் இருந்தது.

என் மச்சினன் ஒரு பெரிய கார் வைத்திருக்கிறான். அது நின்றால் மாநாடு, நகர்ந்தால் ஊர்வலம். "மச்சான், வாங்குறதே வாங்குறீங்க, கொஞ்சம் கெத்தா வாங்குங்க" என்றான். அவனுடைய காரை அளந்து பார்த்தேன். 15 அடிக்கு மேல் போனது. அந்தக் கெத்தை எங்கள் வீட்டில் நிறுத்தினால் முகம் போர்டிகோவிலும் முதுகு எதிர்வீட்டுக் கோலத்திலும் இருக்கும். பல வரன்களைப் பார்த்து, அளந்து, கழித்து, கடைசியில் பொருந்தியது டாடா நானோ ஒன்றுதான். நீளம் 3.1 மீட்டர், நம் கணக்கில் பத்தடி இரண்டங்குலம். கேட்டை மூடிய பிறகும் பத்து அங்குலம் மிச்சம். அதில் என் மனைவி ஒரு துளசித் தொட்டி வைக்கலாம் என்றாள்.

நண்பரின் நண்பரிடமிருந்து 2011 மாடல் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். அதிலும் இருப்பதிலேயே அடிமட்ட மாடல். ஏசி இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கக் கையால் சுற்ற வேண்டும். இடது பக்கம் சைடு மிரர் கிடையாது. வைப்பர் ஒன்று, கியர் நான்கு. "இதுல ரிப்பேர் ஆகுறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்" என்று விற்றவர் உறுதி சொன்னார். உண்மைதான். இல்லாதது எப்படி ரிப்பேர் ஆகும்?

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோரிப்பாளையம் தாண்டியதிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் என்னை விடாமல் துரத்திக்கொண்டு வந்தார். டபடபவென்று காதருகே சத்தம். புது டிரைவரை மிரட்டிப் பார்க்கிறார் என்று நினைத்து, ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி 'போங்க, போங்க' என்று வழிவிட்டேன். அவர் போகவில்லை. நான் மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக வருகிறார், நான் வேகம் எடுத்தால் அவரும் எடுக்கிறார். இப்படி இரண்டு கிலோமீட்டர் போன பிறகு, பொறுமை இழந்து இறங்கி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வண்டியை அணைத்தேன். ஆட்டோவும் அணைந்தது. நானோவுக்கு இன்ஜின் பின்னால் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். யுகேஜி படிக்கிற ஒரு பொடியன் வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதுக்குச் சாவியை எங்க சொருகி முறுக்கி விடணும்?" காரைச் சொன்னது வலிக்கவில்லை. தாத்தா என்றதுதான் வலித்தது.

மறுநாள் பெட்ரோல் பங்க். கார் வாங்கியவன் முதல் தடவை பங்க்குக்குப் போகும்போது குரலில் ஒரு கனம் வரும், கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கனத்தோடு "ஃபுல் டேங்க்" என்றேன். பையன் பைப்பை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனான், மூடியைக் காணோம். வலது பக்கம் வந்தான், காணோம். பின்னால் போனான். நானும் இறங்கி அவன் பின்னாலேயே போனேன். நவக்கிரகத்தைச் சுற்றுவதுபோல் இருவரும் மூன்று சுற்று வந்தோம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற டிராவல்ஸ் வேன்காரர்தான் பொறுக்க முடியாமல் இறங்கி வந்து, முன் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஸ்டெப்னி சக்கரம், அதன் பக்கத்தில் பெட்ரோல் மூடி. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் இன்ஜின் தவிர மற்றதெல்லாம் இருந்தன. டேங்க்கின் கொள்ளளவே 15 லிட்டர்தான். பதினோரு லிட்டரில் மெஷின் நின்றுவிட்டது. "அவ்வளவுதானா சார்?" என்றான் பையன். அவ்வளவுதான் தம்பி, வாழ்க்கையே அவ்வளவுதான்.

பங்க்சர் கடையிலும் இதே கதை. சக்கரத்தைக் கழற்றப் போன தம்பி, "சார், ஒரு நட்டு விழுந்துபோச்சு, மூணுதான் இருக்கு" என்றான். எனக்குக் கைகால் ஓடவில்லை. ஒரு நட்டு இல்லாமலா இத்தனை நாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியிலேயே நூறு அடி நடந்து, குனிந்து, மண்ணைக் கிளறித் தேடினேன். இரண்டு பாட்டில் மூடியும் ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன. திரும்பி வந்தபோது அவன் மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் மூணுதான் சார்" என்றான். ஒரு சக்கரத்தில் நட்டு இல்லை என்றால் அது தொலைந்துபோனது. நான்கிலும் இல்லை என்றால் அது டிசைன்.

இந்த வண்டியின் பிறப்புக் கதை பெரியது. ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நெருக்கியடித்துப் போகும் குடும்பங்களைப் பார்த்து மனம் கேட்காமல்தான் ரத்தன் டாடா இதை நினைத்தார். 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தொழிற்சாலைக்கு மேற்கு வங்கத்தில் சிங்கூரில் நிலப் பிரச்சினை, அங்கிருந்து குஜராத்தில் சானந்துக்கு இடப்பெயர்ச்சி, 2018-இல் தயாரிப்பே நின்றது. மலிவான கார் என்று பெயர் விழுந்ததுதான் தப்பாகிவிட்டது என்று பிறகு அவரே சொன்னார். சரியாகத்தான் சொன்னார். நம் ஆட்கள் அரை கிலோ கத்திரிக்காய்க்குக் கறிவேப்பிலை இலவசமாகக் கேட்பார்கள், தள்ளுபடிப் புடவைக்கு வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். ஆனால் கார் மட்டும் விலை குறைவு என்று அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது.

எனக்கு அந்தக் கவலை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. எல்லாக் கேலியும் ஏழு நாளில் முடிந்துபோனதால், எட்டாம் நாளிலிருந்து ஓட்டுவது மட்டும்தான் பாக்கி. அப்போதுதான் ஒன்று தெரிந்தது: இது ஓட்டுவதற்கு ஜாலியான வண்டி. கீழமாசி வீதியில் லாரிகளிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது, பெரிய கார்க்காரர்கள் ஸ்டியரிங்கில் தலை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நான் மூட்டைக்கும் மாட்டுக்கும் நடுவில் புகுந்து மறுபக்கம் வந்து ஒரு ஜிகர்தண்டாவே குடித்துவிடுவேன். நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். மச்சினன் தன் வண்டியை முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று ஏழு தவணையில் திருப்புகிற தெருவில், நான் ஒரே மூச்சில் திரும்பிவிட்டு அவனுக்காகக் காத்திருப்பேன். காத்திருக்கும்போது முகத்தை இயல்பாக வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

அந்தச் சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஒருநாள் நிறுத்த இடமில்லாமல் தவித்தபோது, "நம்ம ஸ்டாண்டுலயே போடுங்கண்ணே, அடங்கிரும்" என்று ஆட்டோக்காரர் ஒருவர் இடம் கொடுத்தார். இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு மனைவிக்காகக் காத்திருந்தேன். பின் கதவைத் திறந்து ஒரு பாட்டி ஏறினார். மடியில் பையை வைத்துக்கொண்டு, "ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு விடுப்பா" என்றார். மறுக்க வாய் திறந்தேன். "மூட்டுவலி, நடக்க முடியலய்யா" என்றார். வாயை மூடிக்கொண்டு விட்டேன்.

நானோவில் ஸ்பீடாமீட்டர் டிரைவருக்கு எதிரே இருக்காது, டேஷ்போர்டின் நடுவில், வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். பாட்டி வழிநெடுக அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். "மீட்டர்ல நாப்பதுதான் காட்டுது. அம்பது, அறுபதுன்னு கேட்டுறாத" என்று எச்சரித்தார். ஆரப்பாளையத்தில் நிறுத்தினேன். முள் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பாட்டி ஒரு கணம் அசந்துபோய், என் தலையில் கை வைத்து, "நீ நல்லாருக்கணும்யா. மதுரையில மீட்டரக் கொறச்ச ஆட்டோக்காரன் நீ ஒருத்தன்தான்" என்றார்.

நடு மீட்டரின் இன்னொரு பலன் என் மனைவி. மற்ற கார்களில் கணவனின் வேகம் கணவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். எங்கள் வீட்டில் அது பொதுச்சொத்து. ரிங் ரோட்டில் கொஞ்சம் அழுத்தினால் போதும், "அறுபத்திரண்டு" என்பாள், காய்ச்சல் பார்க்கிற குரலில். காலை எடுப்பேன். "ஐம்பத்தெட்டு. பரவாயில்ல" என்பாள், இறங்கிவிட்டது என்கிற நிம்மதியோடு.

போன தை மாதம் சிறுமலைக்குப் போனோம். முன்னால் நானும் மனைவியும், பின்னால் மாமியார். மச்சினனின் காரில் ஏற அத்தைக்கு ஸ்டூல் வேண்டும், இரண்டு பேர் கைலாகு கொடுக்க வேண்டும். நானோவில் கதவு அகலம், சீட் இடுப்பு உயரம். திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, காலை உள்ளே வைத்தால் முடிந்தது. "மாப்பிள்ளை வண்டிதான் எனக்குத் தோது" என்று அவர் சொன்னது, கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் வண்டிக்குத்தான்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். 624 சிசி, இரண்டு சிலிண்டர், மூன்று பேர். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இருபதுக்கு வந்துவிட்டோம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பால் கேன் கட்டியவர் எங்களை முந்திப் போய், போகும்போது திரும்பிப் பார்த்து, 'வாங்க, மெதுவா வாங்க' என்று தலையாட்டினார். ஆனால் வளைவுகள் வந்ததும் கதை மாறியது. பவர் ஸ்டியரிங் இல்லாததால் ரோட்டில் கிடக்கிற கூழாங்கல்கூடக் கைக்குத் தெரிகிறது. கண்ணாடியைச் சுற்றி இறக்கினால் மலைக்காற்று முகத்தில் அடிக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாய்கிறது, பல்லைக் கடித்து ஒடிக்கிறேன், பின்னால் அந்த 'ஆட்டோ' உறுமுகிறது. ரேஸில் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டேன். பதினோராவது வளைவில் என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து அல்ல, சும்மா, ரங்கராட்டினத்தில் சிரிப்பதுபோல. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. மீட்டரைப் பார்த்தேன். முப்பது. மச்சினனுக்கு இந்தச் சந்தோஷம் வேண்டுமென்றால் 130-இல் போக வேண்டும், போலீஸ் வேறு பிடிக்கும்.

மேலே ஒரு தார் சிறுமலை வாழைப்பழம் வாங்கினோம். எங்கள் மாடலில் டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாது. பின் சீட்டின் முதுகை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். பின் சீட்டில் அத்தை. அத்தையை இறக்கவும் மனம் வரவில்லை, தாரை விடவும் மனம் வரவில்லை. கடைசியில் தார் அத்தையின் மடியில் பயணம் செய்தது. பதினெட்டு வளைவிலும் குழந்தையைப் பிடிப்பதுபோல் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். திண்டுக்கல் வருவதற்குள் ஒரு சீப்பு காலி. டோல்கேட்டில் மச்சினனின் காருக்கு என்ன கட்டணமோ அதையே எனக்கும் பிடித்தார்கள். இந்த நாட்டில் எங்கள் இருவரையும் சமமாக மதிக்கிற ஒரே இடம் அதுதான்.

இப்போது பெங்களூரிலிருந்து மகன் தினமும் ஃபோன் செய்கிறான். "அப்பா, நல்ல பெரிய வண்டியா ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்கிறான். மனைவிக்கும் ஏசி ஆசை லேசாக வந்திருக்கிறது. நான் பெருமூச்சு விட்டு, "ஆசையாத்தான் இருக்கு, என்ன செய்ய, போர்டிகோ 11 அடிதானே, தாத்தா அப்படிக் கட்டிவெச்சுட்டாரு" என்று பழியை அப்பாமேல் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் போன வாரம் வெள்ளையடிக்க வந்த கொத்தனார் இடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் குட்டிச் சுவரை எடுத்துட்டு, தொட்டியை ஓரமா நகத்துனா 16 அடி தாராளமா வரும் சார். அரை நாள் வேல" என்றார். வீட்டில் சொல்லவில்லை. இந்தப் பக்கம் வந்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.